வாழ்க்கையைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் "ஆண்டவரே, என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே பாரத்தோடு எழுந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் காரியத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மகளுடைய திருமணம், கொலுசுப் பட்டறைக்காக வாங்கி அடைபடாத கடன், அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்ட நிலத்தகராறு. பிறகு தனியறையில் முழங்காற்படியிட்டு அதை வாய்விட்டு வாசித்து, "இது இப்படித்தான் முடியவேண்டும் என்கிற என் பிடிவாதத்தையும் உம்மிடம் வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். கவலையைக் கொடுத்துவிட யாரும் தயங்குவதில்லை. முடிவைக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

அதன்பின் சும்மா இருக்கலாமா என்று கேட்பவர்களை ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். அறுவடை முடிந்ததும் வேண்டாத கிளைகளை வெட்டிச் செடிகளைக் கவாத்து செய்து, சில்வர் ஓக் மரங்களின் நிழலைக் கழித்துவிட்டு, அங்குள்ள சிறு விவசாயி மார்ச், ஏப்ரல் மாதங்களின் கோடை மழைக்குக் காத்திருக்கிறார். அதுவரை கணுக்களில் இறுகிக் கிடக்கும் சின்னஞ்சிறு பச்சை மொட்டுகள், நல்ல மழை ஒன்று விழுந்தால் ஏறக்குறைய பத்து நாட்களில் கிளை நெடுக வெள்ளையாக விரிந்து, மல்லிகையைப் போல் மணக்கின்றன. மழையைத் தன்னால் வரவழைக்க முடியாது என்று தெரிந்திருந்தும் அவர் கவாத்தைத் தள்ளிப்போடுவதில்லை. உங்கள் தாளிலும் கவாத்து எது, மழை எது என்று பிரித்து எழுதுங்கள். அண்ணன் வீட்டுக்கு முதலில் போய்ப் பேசுவது உங்கள் வேலை. அவருடைய மனம் இளகுவது கர்த்தருடைய கையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: வீட்டில் அடி வாங்கிக்கொண்டு மௌனமாக இருப்பதும், நோய்க்கு மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதும் ஒப்புக்கொடுத்தல் ஆகாது.

பயம் திரும்பி வந்தால், விசுவாசம் போய்விட்டதாக எண்ணாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 கூறுகிறது. சங்கீதம் 37:5இல் "ஒப்புவித்து" என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லுக்கு உருட்டிவிடுதல் என்பதே அடிப்படைப் பொருள். கனத்த சுமையை ஒரே தள்ளலில் உருட்டிவிட முடியாததால், ஒவ்வொரு இரவும் படுக்கைக்குமுன் மறுபடியும் தள்ளுங்கள்.

என் வேதாகமத்தில் அந்தச் சங்கீதம் உள்ள பக்கத்தில் அப்படி ஒரு தாள் நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. அதில் எழுதிய காரியம் இன்னும் நடக்கவில்லை, மடிப்புகளும் கிழியத் தொடங்கிவிட்டன. ஆயினும் முதல் ஆண்டில் அதை வாசித்துவிட்டு விடியும்வரை விழித்திருந்த நான், இப்போது வாசித்து முடித்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.