பழைய ராணுவப் பதக்கங்கள்: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

சென்ற மாதம் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கையில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று. கீழே ஒரே வரி: “தாத்தாவுடையது, என்ன மெடல் என்று சொல்ல முடியுமா?” மெடலைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கத்தரிக்கோல், பக்கத்தில் அறுந்த காக்கி நூல் கொஞ்சம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே காரியத்தைப் பல வருடங்களுக்கு முன் நானும் செய்திருக்கிறேன்.

அப்புறம் எனக்கு வந்த பழைய கேள்விகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். புதிதாக இதில் இறங்குபவர்கள் நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுகிறார்கள். ஈரத்தில் வைக்காதீர்கள், தொலைத்துவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஒன்றாக இருப்பதைப் பிரிப்பது

முதல் உலகப் போருக்கு பிரிட்டன் கொடுத்த பதக்கங்களில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். வட்டப் பதக்கமென்றால் விளிம்பில், நட்சத்திரமென்றால் முதுகில். இரண்டாம் உலகப் போரில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரிட்டன் மொட்டையாகவே கொடுத்தது. ஆகவே 1939–45 ஸ்டார் என்ற இரண்டாம் உலகப் போர் நட்சத்திரப் பதக்கம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது லட்சக்கணக்கான மற்ற ஸ்டார்களைப் போலவேதான் இருக்கும். அது யாருடையது, அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்வது அதோடு சேர்ந்திருக்கும் சாமான்கள்தான்: பக்கத்தில் எந்தப் பதக்கம், எந்த வரிசை, ரிப்பனில் என்ன ஒட்டியிருக்கிறது, எந்த டப்பாவில் வந்தது, டப்பாவுக்குள் என்ன சீட்டு.

இது எனக்குத் தெரியாத காலத்தில் என் சின்னத் தாத்தாவின் பெட்டி எங்கள் கைக்கு வந்தது. ஒரு கம்பியில் வரிசையாகத் தைத்த நான்கு பதக்கங்கள். பூச்சி அரித்த சட்டை ஒன்று, அதன் தோளில் கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு. பழுப்பு அட்டை டப்பா ஒன்று, மூடியில் மங்கிப்போன விலாசம். நாங்கள் பேரப்பிள்ளைகள் நான்கு பேர், பதக்கங்கள் நான்கு. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது பாருங்கள்! நான்தான் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். ஆளுக்கொன்று வெட்டிக் கொடுத்தேன். ரிப்பன் எல்லாம் இற்றுப்போயிருந்தது. புதிது வாங்கிக் கோர்த்துக்கொள்ளலாம் என்று பழையதைக் குப்பையில் போட்டேன். சட்டையும் டப்பாவும் அதோடு போயின. கழுகை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன், அழகாக இருந்ததால்.

பல வருடம் கழித்து ஒரு புகைப்படம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு ஏதோ விழாவில் அவர் பதக்கங்களோடு நிற்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கடைசியாக இருந்த வார் மெடலின் ரிப்பனில் சாய்வாக ஒரு சின்ன இலை தெரிந்தது. வெண்கல ஓக் இலை. தளபதி மேலிடத்துக்கு அனுப்பும் போர் அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். ரிப்பனை உருவும்போது கறுத்துப்போன தகரத் துண்டு ஒன்றைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சுண்டி எறிந்ததும் நினைவிருக்கிறது.

அந்த இலையை மட்டுமா தொலைத்தேன்? ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பனில் குறுக்கே ஒரு சிறு உலோகப் பட்டை தைத்திருந்தது. எகிப்தில் எல் அலமைன் போர் தொடங்கிய 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரையில் பிரிட்டனின் எட்டாவது ராணுவத்தில் இருந்தவர்களுக்கு உரியது அது. சிவப்புக் கழுகு நான்காவது இந்திய டிவிஷனின் சின்னம். எரித்திரியாவின் கெரன் மலையிலும் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியின் கசினோவிலும் சண்டையிட்ட டிவிஷன். கழுகு, எட்டாவது ராணுவப் பட்டை, இத்தாலி ஸ்டார், ஓக் இலை நான்கும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அவருடைய போர்க்காலத்தின் பாதியை அங்கேயே எழுதிவிடலாம். இப்போது என்னிடம் இருப்பது ஒரு ஸ்டார், ஒரு துணி. மற்ற மூன்றில் ஒன்று சாவிக்கொத்தில் தொங்கிக் காணாமல் போயிற்று. இன்னொன்றை அண்ணன் யாருக்கோ கொடுத்துவிட்டான்.

இப்போதும் யாராவது “ஆளுக்கொன்று பிரித்துக்கொண்டோம்” என்று சந்தோஷமாகச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். சொத்தை எப்படி வேண்டுமானாலும் பாகம் போடுங்கள்; இதை மட்டும் யாராவது ஒருவரிடம் முழுசாக விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு நல்ல படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம். நகல் பதக்கங்கள் கிடைக்கின்றன, அவற்றையும் வாங்கிக் கொடுக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். முன்பக்கம் எல்லோரும் எடுப்பார்கள். பின்பக்கத்துத் தையலை யாரும் எடுப்பதில்லை. கம்பி, ஊக்கு, நூல், தையற்காரர் ஒட்டிய துணிச்சீட்டு எல்லாம் படத்தில் வர வேண்டும். சட்டையிலிருந்து தோள் சின்னத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எந்தத் தோளில், எவ்வளவு உயரத்தில், அதன் கீழே வேறு என்ன தைத்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு அர்த்தம்.

கத்தரிக்கோல் படம் அனுப்பியவர் அதிர்ஷ்டசாலி. ஒன்றைத்தான் வெட்டியிருந்தார். மற்றதை அப்படியே வைத்துப் பின்பக்கம் படம் எடுக்கச் சொன்னேன். வார் மெடலின் ரிப்பனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊசித் துளை. முன்பக்கம் அதே இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் இலை அளவுக்கு ஒரு திட்டு. பெட்டியின் மூலையைத் துழாவச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாமே வீரப் பதக்கம் என்று நினைப்பது

“பர்மா ஸ்டார் வாங்கிய வீரர்” என்று எழுதுகிறார்கள். ஸ்டார்கள் ஒரு போர்முனையில் பணியாற்றியதற்கான பதக்கங்கள். 1939–45 ஸ்டாருக்குப் பொதுவாக 180 நாள் போர்முனைப் பணி, விமானக் குழுவினருக்கு 60 நாள். வார் மெடலுக்கு 28 நாள் முழுநேரப் பணி போதும். வீரத்துக்குக் கொடுத்தவை விக்டோரியா கிராஸ், மிலிட்டரி மெடல் போன்றவை, இந்த இரண்டிலும் பெயர் இருக்கும். பர்மாவில் மலேரியாவோடும் மழையோடும் மாதக்கணக்கில் கிடந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நட்சத்திர வடிவத்தைப் பார்த்து மயங்கியவர்கள் அந்தக் கறுத்த இலையைக் கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பதக்கத்தில் உள்ள வருடத்தை அப்படியே நம்புவது

ஜெர்மன் இரும்புச் சிலுவை ஒன்றின் பின்பக்கத்தில் 1813 என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, நெப்போலியன் காலத்துப் பொருள் கிடைத்துவிட்டது என்று ஒருவர் குதித்தார். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். முன்பக்கம் 1939. அந்த விருதை முதலில் ஏற்படுத்திய வருடம் 1813. பிறகு 1870, 1914, 1939 என்று புதுப்பித்தார்கள். 1944-ல் வாங்கியவருடைய சிலுவையிலும் 1939 என்றுதான் இருக்கும். அதே சிலுவை நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலைகளோடு இருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனி பழைய வீரர்கள் அணிவதற்கென்றே அப்படி ஒரு வடிவத்தை அனுமதித்தது.

முதல் உலகப் போருக்கு பிரிட்டன் கொடுத்த விக்டரி மெடலில் 1914–1919 என்றிருப்பதால் 1919 வரை சண்டையிட்டார் என்றும் ஆகாது. துப்பாக்கிகள் 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டன. 1919 சமாதான உடன்படிக்கை கையெழுத்தான வருடம்.

வருடமே இல்லாத பதக்கமென்றால் மன்னரின் தலையைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜின் பெயரோடு இந்தியப் பேரரசர் என்ற பட்டம் இருந்தால், அது 1948-ல் அந்தப் பட்டத்தைக் கைவிடுவதற்கு முன் செதுக்கிய அச்சு.

ரிப்பனை வைத்தே முடிவு கட்டுவது

ரிப்பன் துணி. அது இற்றுப்போகும், மாற்றுவார்கள், மாற்றும்போது தப்பாகவும் மாற்றுவார்கள். வானவில் நிற ரிப்பனைப் பார்த்ததும் பிரிட்டிஷ் விக்டரி மெடல் என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரின் நேச நாடுகள் பலவும் பேசிவைத்து அதே ரிப்பனைப் பயன்படுத்தின. பெரும்பாலானவற்றில் சிறகு விரித்த வெற்றித் தேவதை இருப்பாள். ஜப்பானும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) மட்டும் தங்களுக்கு ஏற்ற வேறு உருவத்தைப் போட்டுக்கொண்டன.

நிறம் வெளுத்திருந்தால் மடிப்புக்குள்ளே பாருங்கள், வெயில் படாத இடத்தில் உண்மை நிறம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பன் நிறத்தை ஊகிப்பது இன்னும் பெரிய வம்பு. பழைய படச்சுருள்களில் ஒரு வகைக்குச் சிவப்பே தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். இதைத் தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் வீணாக்கியிருக்கிறேன்.

விளிம்பைப் படிக்காமல் விடுவது

கைபேசி வெளிச்சத்தை நேராக அடிக்காதீர்கள். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். விளிம்பின் ஒரு பகுதி மட்டும் மெலிந்திருந்தால், பழைய பெயரை அரம் போட்டு எடுத்துவிட்டு வேறு பெயர் பொறித்திருக்கலாம். பிரிட்டிஷ் வட்டப் பதக்கங்கள் பெரும்பாலும் 36 மில்லிமீட்டர். சந்தேகமிருந்தால் குறுக்கே பல இடங்களில் அளந்து பாருங்கள்.

120 மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்கல வட்டில் கிடைத்து, அதில் பெயர் மட்டும் இருந்து பதவி இல்லையென்றால், அவர் சிப்பாயே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டன் அனுப்பிய நினைவுத் தகடு அது. இறந்தவர்களுக்குள் உயர்வு தாழ்வு காட்டக் கூடாது என்று வேண்டுமென்றே பதவியை விட்டிருக்கிறார்கள்.

துணிச் சின்னம் மட்டமாக இருந்தால் போலி என்பது

இது நேர் தலைகீழாகவும் இருக்கும். போர்க்காலத்தில் சிக்கனத்துக்காக சாதாரணப் பருத்தித் துணியில் அச்சடித்தே நிறைய சின்னங்கள் செய்தார்கள். முகாமுக்குப் பக்கத்துத் தையற்காரர் கைக்கு வந்தபடி தைத்தவையும் உண்டு. சுற்றிலும் தடித்த நூல் வரம்போடு பளிச்சென்று இருக்கும் அமெரிக்கச் சின்னத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அந்த மாதிரி ஓரம் 1960களில்தான் பரவலானது. இரண்டாம் உலகப் போர்ச் சின்னங்களுக்குப் பெரும்பாலும் வெட்டிய ஓரம்.

புற ஊதா விளக்கில் மின்னினால் போலி என்று சொல்வார்கள். பாதி உண்மை. செயற்கை நூல் மின்னும். ஆனால் இன்றைய சலவைத் தூளில் ஒரு தடவை துவைத்தால் அசலும் மின்னும். பாட்டி பாசத்தோடு துவைத்து வைத்திருக்கலாம்.

பாலிஷ் போடுவது

வேண்டாம்.

பாதி அளவு மெடலை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பது

விருந்து உடைக்கு அணியும் சிறுவடிவம் அது. பத்திரமாக வையுங்கள்.

பதிவேட்டில் இல்லையென்றால் தாத்தா கதைவிட்டார் என்பது

ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, “ஆவணம் கிடைக்கவில்லை” என்று பதில் வந்ததும் குடும்பத்தில் ஒரு சங்கடம் வரும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகம் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்ததில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. லண்டனில் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவுகள் பாதிக்கும் மேல் அழிந்தன. ஆனால் யாருக்கு என்ன பதக்கம் என்று எழுதிய அட்டைகள் தப்பின. அமெரிக்காவிலும் சம்பளப் பட்டியல் போன்றவற்றிலிருந்து ஓரளவு திரட்டித் தருகிறார்கள். ஆகவே இரண்டாவது தடவை எழுதும்போது பணிக் கோப்பு வேண்டும் என்று கேட்காமல், இந்த எண்ணுள்ளவருக்கு வேறு எந்தப் பட்டியலிலாவது பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எண் எங்கே இருக்கும் என்று தெரியாதவர்கள் அந்த அட்டை டப்பாவின் மூடியைப் பார்க்கட்டும், அதை இன்னும் எறியாமல் இருந்தால்.