ஹேக்கர் முகாமுக்குச் சென்னையிலிருந்து புறப்படுவோர் செய்யவேண்டிய ஆயத்தங்கள்

கணினியையும் மின்னணுக் கருவிகளையும் நோண்டிப் பார்க்கும் ஆர்வலர்களுக்காக ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் நடக்கும் ஹேக்கர் முகாம்களில் சில ஆயிரம் பேர் திறந்தவெளியில் கூடாரம் அடித்து நான்கைந்து நாட்கள் தங்குகிறார்கள். மின்சாரம், இணையம், தொலைபேசி என்று ஒரு சிற்றூருக்கு வேண்டிய அத்தனையையும் தன்னார்வலர்களே அமைத்து, முடிந்ததும் அவர்களே பிரித்தெடுக்கிறார்கள். குளிரூட்டிய அரங்கில் அடையாள அட்டையோடு உட்கார்ந்து பழகியவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது, அங்கே பார்வையாளர் என்று தனியாக ஒரு வகுப்பு இல்லை என்பதைத்தான். நுழைவுச் சீட்டு வாங்கியவர் அந்தச் சிற்றூரின் குடிமக்களில் ஒருவராகவே எண்ணப்படுவார்.

எந்த முகாமுக்குப் போவது என்பதை நாள்காட்டியே பெரும்பாலும் முடிவுசெய்துவிடும். ஜெர்மனியின் கேயாஸ் கம்யூனிகேஷன் கேம்ப் 1999 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது; 2015, 2019, 2023 ஆகிய மூன்று முறையும் பெர்லினுக்கு வடக்கே மில்டன்பர்க்கில் உள்ள பழைய செங்கல் சூளை வளாகத்தில் நடந்தது. நெதர்லாந்தின் முகாம் 1993 முதல் ஏறத்தாழ அதே இடைவெளியில், ஒவ்வொரு முறையும் புதிய பெயரில் கூடுகிறது. 2025 ஆகஸ்டில் அல்க்மார் அருகே கூடியது. இங்கிலாந்தின் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்டு 2012இல் தொடங்கியது. டென்மார்க்கின் பார்ன்ஹேக் 2016இலிருந்து ஆண்டுதோறும் நடப்பதாலும் அளவில் சிறியது என்பதாலும், முதன்முறை போகிறவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

சீட்டு கைக்கு வந்த உடனே விசா வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிப் பதினைந்து நாட்களுக்குள் போனால் ஏற்கமாட்டார்கள். கோடைக்கால நெரிசலில் சென்னையின் விண்ணப்ப மையங்களில் நாள் கிடைப்பதே அரிது என்பதால் ஏப்ரலிலேயே பதிவுசெய்வது நல்லது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் வேண்டும். தங்குமிடச் சான்றுதான் பலரைத் திகைக்க வைக்கிறது, ஏனெனில் கூடாரத்துக்கு ஹோட்டல் ரசீது கிடையாது. முகாம் நாட்களில் வளாகத்திலேயே தங்குவதாக விண்ணப்பக் கடிதத்தில் தெளிவாக எழுதி, சீட்டையும் முகாமின் அறிவிப்பையும் இணைத்து, முன்னும் பின்னும் உள்ள இரவுகளுக்கு மட்டும் அறை பதிவுசெய்து காட்டலாம். ‘ஹேக்கர்’ என்ற சொல்லைக் கண்டு அதிகாரி புருவம் உயர்த்துவாரோ என்று பயந்து வெறும் சுற்றுலா என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தாளில் ஒன்றும் நேர்காணலில் ஒன்றும் சொல்வதுதான் விண்ணப்பத்தைக் கெடுக்கும். இங்கிலாந்து ஷெங்கனில் சேராது. அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் குளிரைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்கு அருகில் இருந்து பழகிய உடம்புக்கு, பகலில் 30 டிகிரியைத் தொட்ட அதே நாளின் பின்னிரவில் 10, 12 டிகிரிக்கு இறங்கும், மில்டன்பர்க் அமைந்துள்ள பிரண்டன்பர்க் மாநிலத்தின் ஆகஸ்ட் பெரிய சோதனையாக இருக்கும். உறங்குபையை விட முக்கியமானது அதன் அடியில் விரிக்கும், குளிரைத் தடுக்கும் மெத்தை, ஏனெனில் உடல் சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது. கூடாரத்தைப் புறப்படுவதற்கு முன் ஒருமுறையாவது மொட்டை மாடியிலோ தெரிந்தவர் தோப்பிலோ அடித்துப் பார்த்துவிட வேண்டும். புல்வெளியில் உண்ணிகள் உண்டு. அவற்றால் லைம் நோய் பரவும் என்பதால், இரவில் கால்களைச் சோதித்துக்கொள்வது அங்குள்ளவர்களின் வழக்கம்.

மின்சாரம் இங்கே இருப்பது போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. நம் மூன்று ஊசி பிளக் ஐரோப்பியத் துளைக்குள் போகாது. வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோய் ஈரப் புல்லில் வைப்பது ஆபத்து. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ரப்பர் உறை போட்ட கம்பியை அங்கேயே கட்டுமானப் பொருள் கடையில் வாங்கி, இணைப்புகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். மின்கெண்டியை மாட்டிவிடாதீர்கள், அது இழுக்கும் 2,000 வாட்டில் பக்கத்துக் கூடாரங்களும் சேர்ந்து இருளில் மூழ்கினால் அந்தப் பெயர் கடைசி நாள் வரை ஒட்டிக்கொள்ளும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது.

இணையத்துக்கு வயர்லெஸை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஜெர்மானிய முகாமில் நெட்வொர்க் சுவிட்சுகளைப் புதிய பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகளுக்குள் வைத்து மைதானமெங்கும் நிறுத்தியிருப்பார்கள். மழை புகாது, பூட்டலாம் என்பதால் செய்த ஏற்பாடு. டேட்டன்க்ளோ என்று பெயர். அங்கிருந்து கூடாரம் வரை கம்பி இழுப்பது உங்கள் பொறுப்பு. ஈத்தர்நெட் கம்பிக்கு 100 மீட்டர்தான் எல்லை; பெரும்பாலும் 50 மீட்டர் போதும். வெளிப்புறத்தில் போடத் தகுந்த கேட்6 கம்பியை ரிச்சி தெருவில் அளந்து வாங்கி, இரு முனையிலும் கனெக்டரைக் கிரிம்ப் செய்யச் சொல்லி, கடைக்காரரின் டெஸ்டரில் எட்டு இழைக்கும் விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். முனைகளில் பெயர் எழுதிய டேப்பை ஒட்டிவிட்டால், கடைசி நாளில் நூறு கறுப்புக் கம்பிகளுக்கிடையே உங்களுடையதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அந்த வலையமைப்பில் பொதுவாக ஒவ்வொரு கருவிக்கும் நேரடி இணைய முகவரியே கிடைக்கும். வீட்டு ரவுட்டரின் மறைவு அங்கே இல்லை. ஆகவே புறப்படும் முன்பே இயங்குதளத்தைப் புதுப்பித்து, கோப்புப் பகிர்வு முதலிய சேவைகளை நிறுத்தி, ஃபயர்வாலை இயக்கி, வட்டை முழுவதுமாக மறையாக்கம் செய்துவிட வேண்டும். அலுவலக மடிக்கணினியைக் கொண்டுபோகவே கூடாது. வைஃபையில் இணையும்போது சான்றிதழைச் சரிபார்க்காமல் ‘சரி’ என்று அழுத்துவது, அத்தனை ஹேக்கர்களுக்கு நடுவே, நீங்களாக விடுக்கும் அழைப்பு.

தனியாகப் போகிறவர் முன்கூட்டியே ஏதாவதொரு ‘வில்லேஜில்’ சேர்ந்துகொள்வது நல்லது. ஒத்த ஈடுபாடுள்ளவர்கள் ஒரே இடத்தில் கூடாரம் அடித்து, நிழற்பந்தலையும் சமையலையும் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் அவை. முகாமின் விக்கியில் பட்டியல் இருக்கும், எழுதிக் கேட்டால் பெரும்பாலும் இடம் தருவார்கள். அதைவிட நல்ல வழி தன்னார்வப் பணி. ஜெர்மனியில் தன்னார்வலர்களுக்கு ‘ஏஞ்சல்’ என்று பெயர். வாயிலில் சீட்டுச் சோதிப்பதோ, சமையற்கூடத்தில் காய் நறுக்குவதோ, இரண்டு மணி நேரம் யாரோடாவது சேர்ந்து வேலை செய்தால், கூச்சத்தோடு நான்கு நாள் சுற்றித் திரிந்தாலும் கிடைக்காத அறிமுகங்கள் கிடைக்கும்.

உரைகள் பெரும்பாலும் பதிவுசெய்யப்பட்டு இணையத்தில் இலவசமாக வெளியாகின்றன. அவற்றை வேளச்சேரியில் இருந்தே பார்க்கலாம். நேரத்தைப் பட்டறைகளுக்கும், முகாமில் தரும் மின்னணு அடையாள அட்டையான பேட்ஜுக்கும் ஒதுக்குங்கள். ஜெர்மானிய முகாமின் 2015 ரேடியோ பேட்ஜ் மென்பொருளால் இயங்கும் வானொலி; 2023இன் ஃப்ளோவர் பேட்ஜ் பூ வடிவிலான இசைக்கருவி. இவற்றுக்கு நிரல் எழுதத் தேவையான கருவிகளை ஊரிலேயே பதிவிறக்கிக்கொண்டு போனால் முதல் நாள் வீணாகாது.

உணவில் சைவர்களுக்குக் கவலையில்லை. வீகன் உணவு தாராளமாகக் கிடைக்கும். பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, ஆகவே நெய்க்கு விடை கொடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். வில்லேஜின் பொதுச் சமையலில் ஒரு வேளை புளியோதரை கிளறிப் போட்டால், மறுநாள் உங்கள் பந்தலைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

சட்டகத்துக்குள் வரும் ஒவ்வொருவரிடமும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கூட்டத்தோடு செல்ஃபி எடுக்கும் நம் பழக்கத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டிய இடம் அது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது அங்கேயும் குற்றமே. அதற்கான கருவிகளைக் குற்ற நோக்கோடு உருவாக்குவதையும் பெறுவதையும் ஜெர்மானியச் சட்டம் 2007 முதல் தண்டிக்கிறது.

கடைசி நாளில் விமானத்தை மதியத்துக்குப் பதிவுசெய்யாதீர்கள். கம்பியைச் சுருட்டி, முளைகளைப் பிடுங்கி, குப்பையைத் தரம் பிரித்துப் போட்டு, பொதுப் பந்தலைப் பிரிக்கக் கைகொடுத்துவிட்டுக் கிளம்ப ஒரு முழு நாள் ஆகும். அங்கே ஆசைப்பட்டு வாங்கிய வானொலி அனுப்பிகளுக்கு இந்தியாவில் உரிமம் தேவைப்படலாம். சேட்டிலைட் போனை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் மீனம்பாக்கத்திலேயே பிடிபடுவீர்கள். ஈரக் கூடாரத்தைப் பையிலேயே விட்டுவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், வீடு சேர்ந்ததும் முதல் வேலையாக அதை விரித்து உலர்த்திவிட வேண்டும்.