அப்பா பேர்ல வண்டி, முதுகுல டெலிவரி பேக்கு: இன்சூரன்ஸ் பேப்பர எப்படிப் பாக்கணும்

பிளஸ் டூ முடிச்ச கையோட ராம்நாடு, ராமேஸ்வரம், கீழக்கரைன்னு சாப்பாடு டெலிவரிக்கு எறங்குற தம்பிமாருக்குத்தான் இது. நானும் ரெண்டு வருசம் ஓட்டுனவன். யாரக் கேட்டாலும் "இன்சூரன்ஸ் இருக்குண்ணே, அஞ்சு வருசத்துக்குப் போட்டாச்சு"ங்கிறீங்க, சரி, அந்த அஞ்சு வருசம் எதுக்குன்னு ஒரு தடவ பேப்பர விரிச்சுப் பாத்திருக்கீங்களா?

2018 செப்டம்பர்ல இருந்து புது பைக்குக்கு அஞ்சு வருச தேர்ட் பார்ட்டி கட்டாயம், ஷோரூம்லயே சேத்து வாங்கிருவாங்க. அது நீங்க இடிச்ச ஆளுக்கு. உங்க வண்டி ஒடைஞ்சா குடுக்குற ஓன் டேமேஜ் பெரும்பாலும் மொத வருசத்தோட முடிஞ்சிரும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, அதனால ரெண்டுக்கும் தேதி தனித்தனியா போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க. முடிஞ்சு போயிருந்தா ஓன் டேமேஜ் மட்டும் தனியா வாங்கலாம். முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாம இருந்ததுக்குக் கெடைக்குற தள்ளுபடி, போயிரும்.

வயசு கம்மின்னா பிரீமியம் எகிறும்னு ஒரு பேச்சு இருக்கு, தேர்ட் பார்ட்டில அப்படி கிடையாது, சிசி தான் கணக்கு. 2022 ஜூன்ல வச்ச ரேட்டுப்படி 75ல இருந்து 150 சிசி வரைக்கும் வருசத்துக்கு 714 ரூவா, மேல ஜிஎஸ்டி. இது இல்லாம போலீஸ்ல மாட்டுனா மொத தடவையே 2000, அடுத்த தடவ 4000, கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வருவோம். வண்டி யார் பேர்ல இருக்கு? நம்ம பக்கம் பாதிப் பேருக்கு வாப்பா சவுதில இருப்பாரு, இல்ல அப்பா கடலுக்குப் போறவரு, ஆர்சி அவரு பேர்ல இருக்கும், ஓட்டுறது நீங்க. பாலிசில 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட்னு ஒரு வரி இருக்குல்ல, அது ஓனர் டிரைவருக்கு மட்டும்தான், அதாவது ஆர்சில பேர் இருக்கணும், அந்த ஆளுக்கே லைசென்ஸும் இருக்கணும். நீங்க பாம்பன் பாலத்துல கச்சான் காத்து தள்ளி விழுந்தீங்கன்னா அந்த 15 லட்சத்துல ஒரு ரூவா உங்களுக்கு வராது. சரி தேர்ட் பார்ட்டில கேப்போம்னா அதுவும் நடக்காது, ஓனர்ட்ட வண்டிய எரவல் வாங்கி ஓட்டுறவன் ஓனர் எடத்துல நிக்கிறவன்தான்னு 2009லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஆக பேப்பர் இருக்கு, ஆனா அதுல நீங்க எங்கயும் இல்ல. முடிஞ்சா ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய உங்க பேருக்கு மாத்துங்க, கையோட பாலிசியயும் மாத்துங்க, ஆர்சிய மட்டும் மாத்திட்டு பாலிசிய பழைய பேர்லயே விட்டீங்கன்னா கிளெய்ம் நேரத்துல இழுக்கும்.

அடுத்து, பாலிசில லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்னு பொடி எழுத்துல ஒரு பத்தி கெடக்கும். வாடகைக்கு ஓட்டுறது, சரக்கு ஏத்துறது, ரேஸ் விடுறது இதுக்கெல்லாம் கவர் இல்லன்னு போட்டிருப்பான். அடுத்தவன் வீட்டு பிரியாணிய காசுக்குக் கொண்டு போறத சரக்குன்னு சொல்ல அவனுக்கு அது போதும். உச்சிப்புளி தாண்டி ஒரு ஆடு குறுக்க வந்து நான் விழுந்தப்ப, ஹெட்லைட் ஒடைஞ்சதெல்லாம் சேதத்தப் பாக்க கம்பெனி அனுப்புன சர்வேயர் கண்ணுல படல, புட்போர்டுல காஞ்சு கெடந்த சாம்பார விரலால தொட்டுப் பாத்துட்டு "டெலிவரியா தம்பி?"ன்னாரு. கிளெய்ம் போச்சு. பேக்க ஒளிச்சு வச்சிட்டு கூப்புடுன்னு மெக்கானிக் சொல்லுவாரு, கேக்காதீங்க, ஆர்டர் டைம் ஆப்புல அப்படியே நிக்கும், பொய் சொன்னது தெரிஞ்சா இன்னும் மோசம்.

என்ன பண்ணலாம்னா, பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க: நான் சாப்பாடு டெலிவரிக்கு இந்த வண்டிய ஓட்டுறேன், இதுக்கு கவர் உண்டா, இல்லன்னா எந்த பாலிசி எடுக்கணும். ஏஜென்ட் வாயால "அதெல்லாம் ஆகும்பா"ன்னு சொல்றது செல்லாது, எழுத்துல வாங்குங்க. டெலிவரி ஆப்பு தர்ற இன்சூரன்ஸயும் இதே மாதிரி பாருங்க, ஆர்டர் கையில இருக்கும்போது மட்டுமா, வீட்டுக்குத் திரும்புறப்பவுமா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவுன்னு. அண்ணன் ஐடில ஓட்டுற பயலுகளுக்கு ஒண்ணு சொல்லிர்றேன், அந்த இன்சூரன்ஸ் அண்ணனுக்கு, உங்களுக்கில்ல.

18 ஆகலன்னா ஓட்டவே ஓட்டாதீங்க. மாட்டுனா அப்பாவுக்கு 25,000 அபராதம், ஜெயிலு 3 வருசம் வரைக்கும் போகலாம், உங்களுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாத, 250 வாட்டுக்குக் கீழ உள்ள எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேணாம்தான், ஆனா அதுக்கு கட்டாய இன்சூரன்ஸும் இல்ல, யாரையாவது இடிச்சா கைக்காசுதான்.

உப்புக் காத்துல சேஸ் துரு ஏறுறதுக்கு எந்த கம்பெனியும் தர மாட்டான். தனுஷ்கோடில அலைத்தண்ணிக்குள்ள விட்டு இன்ஜின் போனாலும் சாதா பாலிசில வராது. இன்டிகேட்டர், பிரேக் லீவர் மாதிரி சில்லறைக்கு கிளெய்ம் போடாதீங்க, மொத வருசம் சும்மா இருந்தாலே அடுத்த வருசம் ஓன் டேமேஜ்ல 20 சதவீதம் கொறையும். பெருசா அடிபட்டா 108, அப்பறம் போட்டோ, அப்பறம் கம்பெனிக்கு போன், சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி வண்டியில கை வைக்கக் கூடாது. ஆளுக்கு அடின்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தே ஆகணும்.

கடைசியா உங்க ஒடம்புக்கு. சரல் சுரக்ஷா பீமான்னு கேட்டா எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனிலயும் ஒரே மாதிரி விபத்து பாலிசி இருக்கு, 18 வயசுல இருந்து எடுக்கலாம், ரெண்டரை லட்சத்துல ஆரம்பிக்குது, உங்க பேர்லயே வரும், ஆர்சி யாரு பேர்ல இருந்தா என்ன. டெலிவரி வேலைன்னு பாரத்துல மறைக்காம எழுதுங்க. அதுக்கும் வழியில்லன்னா பேங்க்ல பிரதமர் சுரக்ஷா பீமா, வருசத்துக்கு 20 ரூவா, விபத்துல செத்தா 2 லட்சம். ஜூன் 1ல புதுசாகும், அதனால மே கடைசில அக்கவுண்ட்ட தொடச்சு வச்சிராதீங்க, 20 ரூவா இல்லாம கட் ஆன பயலுகள எனக்கே தெரியும்.