வாழைப்பழத் தோல் சாம்பலை வைத்துப் பழைய எண்ணெயில் பயோடீசல்

பஜ்ஜி, போண்டா போட்டுப் போட்டுக் கறுத்துப்போன எண்ணெயை மறுபடி சமையலுக்குத் திருப்பவே கூடாது. அதில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாடு முழுக்க விதியே இருக்கிறது. அந்த எண்ணெய்க்கு நல்ல வழி பயோடீசல்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இதற்கு மெத்தனால் வேண்டும். உள்ளே போனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம் அது. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலைகூடச் சரியாகத் தெரியாது. அதை வைத்திருக்கத் தமிழ்நாட்டில் உரிமமும் வேண்டும். அதனால் வீட்டு அடுப்படியில் வேண்டவே வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் சாம்பல். வாழைப்பழத் தோலைச் சிறிதாக நறுக்கி, கையால் ஒடித்தால் முறியும் வரை வெயிலில் காயவைத்துப் பொடியுங்கள். பொடியைப் பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) போட்டு, மஃபிள் உலை எனும் ஆய்வக மின் உலையில் 600 முதல் 700 டிகிரியில் நாலு மணி நேரம் விட்டால் வெளிறிய சாம்பல் கிடைக்கும். கிலோ கணக்கில் தோல் போட்டாலும் கொஞ்சம்தான் மிஞ்சும், பச்சைத் தோலில் பெரும்பங்கு தண்ணீர்தானே. சாம்பலில் நிறைந்திருக்கும் பொட்டாசியம் கார்பனேட்தான், எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரிய வைக்க நமக்கு வேண்டிய காரம் (ஆல்கலி). அசாமில் வாழைச் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, 'கார்' என்று சமையலில் சேர்ப்பது இந்தக் காரத்துக்காகத்தான். ஒரு சிட்டிகையை நீரில் கலக்கி, மஞ்சள் தோய்த்து உலர்த்திய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், செக்கச்செவேலென்று மாறும். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆறியதும் இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள்.

அப்புறம் எண்ணெய். என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டி, 105 டிகிரிக்குச் சூடாக்கி, குமிழி அடங்கும் வரை வையுங்கள். தண்ணீர் மிஞ்சினால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். ரொம்ப நாள் காய்ந்த எண்ணெயில் கொழுப்பிலிருந்து பிரிந்த தனிக் கொழுப்பு அமிலமும் ஏறியிருக்கும். அது காரத்தைத் தின்றுவிடும். அமில மதிப்பை (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற கணக்கு) சோதித்து, 2-க்குக் கீழே இருக்கும் எண்ணெயில் தொடங்குங்கள். அதைத் தாண்டினால் அமிலத்தை முதலில் குறைக்க வேண்டும், அது புதியவர்களுக்கான வேலையல்ல.

எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு 100 மில்லி எடுத்து, 40 மில்லி மெத்தனாலும் 4 கிராம் சாம்பலும் சேருங்கள். கணக்குப்படி ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கு மூன்று மெத்தனால் போதும். ஆனால் வினை பின்னோக்கியும் ஓடக்கூடியது, அதனால்தான் மூன்றுக்குப் பதில் ஏறத்தாழ ஒன்பது வரும்படி ஊற்றுகிறோம். மெத்தனால் 65 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் குடுவைக்கு மேல் குளிர்விப்பான் பொருத்தி, மின்தட்டில் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் விடாமல் கலக்குங்கள். தீச்சுடர் கிட்டவே வரக் கூடாது.

ஆறியதும் சாம்பலை வடிகட்டி, அடியில் திருகுக் குழாய் உள்ள பிரிபுனலில் ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். கனமான கிளிசரால் பழுப்பு நிறத்தில் அடியில் இறங்கும், மேலே தேன் நிறத்தில் நிற்பது பயோடீசல். கிளிசராலைத் தனியே இறக்கிவிடுங்கள். அதில் மெத்தனால் கலந்திருக்கும், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

மேலே நின்றதை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். முதல் முறை குலுக்காமல் மெல்லச் சாய்த்தால் போதும், வேகமாகக் குலுக்கினால் பால் மாதிரி கலங்கிப் பிரியாமல் நிற்கும். சாம்பலில் இருந்து கொஞ்சம் பொட்டாசியம் கரைந்து வருவதால் கழுவுவதைத் தவிர்க்க முடியாது. வடிகட்டிய சாம்பலின் வீரியம் அடுத்த முறை குறைவதற்கும் அதுவே காரணம். கழுவியதைச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள்.

சரி, வினை முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது. அடியில் எண்ணெய் சொட்டாகத் தங்கினால் வினை பாதியில் நின்றிருக்கிறது, புதிய சாம்பலும் மெத்தனாலும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். கரைந்துவிட்டது என்பதற்காக வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். எஞ்சினுக்குப் போகும் பயோடீசல் ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரநிலையின் சோதனைகளைத் தாண்ட வேண்டும்.