பழைய சைக்கிள் பெடலைப் பிரித்துக் கிரீஸ் வைப்பது எப்படி?

கறுப்பு ரப்பர் கட்டைகள் வைத்த பழைய பெரிய சைக்கிள் பெடல்களை எளிதில் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரும்புச் சட்டமும் அச்சும் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியவை. உள்ளே கிரீஸ் காய்ந்து மண் சேர்வதாலேயே பெரும்பாலும் அவை கெடுகின்றன. ஆனால் எல்லாப் பெடல்களையும் பிரிக்க முடியாது. பெடலின் வெளிப்புற முனையில் மூடி இருந்து, அதற்குள் நட்டு தெரிந்தால் பிரிக்கலாம். மூடியே இல்லாமல் முனை தட்டி அடைக்கப்பட்டிருக்கும் மலிவான பிளாஸ்டிக் பெடலைப் புதிதாக மாற்றுவதே நல்லது.

வேலையைத் தொடங்குமுன் பழுது பெடலில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் "கடக்" என்று கேட்டால் பலரும் பெடலையே சந்தேகிப்பார்கள். ஆனால் இவ்வகைச் சைக்கிள்களில் பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கை, சைக்கிளின் நடு அச்சோடு பிணைக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும். கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் பெடலை மட்டும் ஆட்டிப் பாருங்கள். பெடல் ஆடினாலோ, சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் நறநறத்தாலோ, கீழே உள்ள வேலை உங்களுக்கானது.

மெல்லிய வாயுள்ள 15 எண் ஸ்பானர், உள்ளிருக்கும் நட்டுக்குப் பொருந்தும் சிறிய பாக்ஸ் ஸ்பானர், தட்டை முனை ஸ்குரூடிரைவர், காந்தம், மண்ணெண்ணெய், பழைய வேட்டித் துணி, ஓரம் உயர்ந்த தட்டு ஆகியவை போதும். கிரீஸ் வாகனக் கடையில் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும் அது மார்கழிக் காலையில் கட்டியாகிவிடும், கோடையில் வழிந்தோடித் தூசியை இழுத்துக்கொள்ளும்.

கழற்றும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வலப் பெடலுக்கு வழக்கமான மரை. இடப் பெடலுக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் இறுகும் மரை. மிதிக்கும் பாரத்தினால் அச்சு தன் துளைக்குள் நூலிழை அளவு உருண்டு, மிதிக்கும் திசையிலேயே மெல்லத் திரும்பப் பார்க்கும். இரு பக்கமும் அந்தத் திருப்பம் இறுக்கும் பக்கமாகவே அமைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விமானத்துக்கு முன்பு அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1900இல் "தானாகக் கழலாத பெடல்" என்று விளம்பரம் செய்ததும் இதைத்தான். திசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் இரண்டு பெடலும் கழலும். முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். துருப்பிடித்து அசையாவிட்டால் முதல் நாள் இரவே மரையில் துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்பானர் வழுக்கினால் விரல் நேராகப் பல் சக்கரத்தில்தான் போய் மோதும் என்பதால் சங்கிலியைத் துணியால் மூடிவிட்டு அழுத்துவது நலம்.

கழற்றியவுடன் அச்சுகளில் இடம், வலம் என்று அடையாளம் இடுங்கள். ஒரு பெடலை முழுதாக முடித்த பிறகே மற்றதைத் தொடுங்கள். தட்டின் மேல் வைத்து, வெளி மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பியோ, மரை மூடியானால் திருகியோ எடுங்கள். உள்ளே முதலில் பூட்டு நட்டு, அடுத்து உட்புறம் சிறு நாக்கு நீண்ட வாஷர், அதன் கீழ் கோன் எனப்படும் கூம்பு வடிவ நட்டு என்ற வரிசையில் இருக்கும். கோனை எடுத்ததும் பால்ரஸ் குண்டுகள் உதிரும். முதன்முறை நான் இதை மொட்டை மாடியில் உட்கார்ந்து பிரித்தேன். மூன்று குண்டுகள் மழைநீர்க் குழாய்க்குள் உருண்டு போயின. அதனால்தான் ஓரம் உயர்ந்த தட்டு. இரு பக்கக் குண்டுகளையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து உலர்த்துங்கள். மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் புதுக் கிரீஸை நீர்க்கச் செய்துவிடும். ரப்பர் கட்டைகளில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு அருகில் இந்த வேலை வேண்டாம். குண்டுகள் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். மங்கியோ சொரசொரப்பாகவோ இருந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் அளவில் சற்றே பெரியவை மட்டும் பாரம் தாங்கும். பல பழைய பெடல்களில் 5/32 அங்குலக் குண்டு இருக்கும். ஆனாலும் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று கடையில் ஒப்பிட்டு வாங்குங்கள். கோனை நகத்தால் வருடிப் பாருங்கள்; நகம் குழியில் சிக்கினால் கோனும் போய்விட்டது என்று பொருள்.

குண்டுகள் உருளும் கிண்ணம்தான் கப். கிராங்க் பக்கக் கப்பில் தாராளமாகக் கிரீஸ் தடவி, குண்டுகளை அதில் பதித்து வையுங்கள். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அச்சைச் செருகி, கிராங்கில் மாட்டும் அதன் மரை முனை கீழே இருக்குமாறு நிறுத்திப் பிடித்தபடி, மேலே தெரியும் கப்பிலும் அவ்வாறே செய்யுங்கள். எண்ணிக்கை மறந்துபோனால் கப் நிறைய அடுக்கி ஒன்றை எடுத்துவிடுங்கள். நெருக்கினால் அவை உருளாமல் உரசும்.

இந்த வேலையின் உயிர் கோனைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. கோனைக் குண்டுகளில் முட்டும் வரை விரலால் திருகி, கால் சுற்றுப் பின்வாங்குங்கள். நாக்கு அச்சின் பள்ளத்தில் அமரும்படி வாஷரைப் போட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நட்டு கோனையும் சற்று உள்ளே தள்ளும் என்பதால், முன்பு இருந்த சிறு ஆட்டம் தானாகவே மறையும். முதல் முயற்சியிலேயே சரியாக அமைவது அபூர்வம். எனக்கு இன்றும் மூன்று நான்கு தடவை ஆகிறது. வைஸ் இல்லாதவர்கள் பெடலைக் கிராங்கிலேயே மாட்டிக்கொண்டு இதைச் செய்யலாம், கை நழுவாது. ஆட்டமும் இருக்கக் கூடாது, நறநறப்பும் இருக்கக் கூடாது. தட்டிவிட்டால் பெடல் வெகுநேரம் சுழல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுக் கிரீஸ் உள்ள பெடல் இரண்டொரு சுற்றில் நின்றுவிடுவதே இயல்பு.

மாட்டும் முன் அச்சின் மரையிலும் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பானர் போட்டு மரையைக் கோணலாக ஏற்றினால் கிராங்கையே மாற்ற நேரிடும். வெளி மூடியை மறக்காமல் அடியுங்கள். அது தொலைந்திருந்தால் சரியாகப் பொருந்தும் ஏதாவதொரு பிளாஸ்டிக் மூடியைச் செருகுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு அதைத் திறந்து, பூட்டு நட்டை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.