தூக்க மாத்திரைகளை மருத்துவர் துணையுடன் குறைத்து நிறுத்துவது எப்படி

லோராசிபாம், அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளைப் பல வாரங்களாகவோ பல ஆண்டுகளாகவோ நாள்தோறும் உட்கொண்டு வருபவர் அவற்றை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. பென்சோடயசிபைன் எனப்படும் இவ்வகை மருந்துகள், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகின்றன. நாளடைவில் மூளை அந்தக் கூடுதல் உதவிக்குப் பழகித் தன் சொந்தத் தணிப்பாற்றலைத் தளர்த்திக்கொள்வதால், மாத்திரை திடீரென நிற்கும்போது பதற்றமும் நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. சிலருக்கு வலிப்பும் புத்தி தடுமாற்றமும்கூட வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'வெறும் தூக்க மாத்திரைதானே' என்று பலர் எண்ணும் சோல்பிடம், சோபிக்லோன் ஆகியவையும் மூளையில் அதே இடத்தில்தான் செயல்படுகின்றன என்பதால், அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்பாவின் நன்மைக்காக என்று மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிடும் பிள்ளைகள், நல்லெண்ணத்தாலேயே பெரிய தீங்கை வரவழைக்கிறார்கள்.

முதற்படியாக, வழக்கமாக மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசுங்கள். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இம்மருந்துகள் மொத்தம் 8 வாரங்களுக்கு மேல் தேவைப்படும் நோயாளியைக் குடும்ப மருத்துவர் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆகவே மருத்துவர் மறுபடியும் எழுதித் தரத் தயங்கினால், அவர் உங்களைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை மருந்து அறுபடாதிருக்க என்ன ஏற்பாடு என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணக் கழிவும் கிடைக்கும். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில் 'நாம்ஸ்' என்னும் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், அதாவது வேறு மருந்தகத்திலும் ஜொகூரிலும் ஊரிலும் வாங்கியவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தயக்கத்தால் அளவைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு; ஆனால் நாளொன்றுக்கு நான்கு மாத்திரை போடுபவர் இரண்டு என்று சொன்னால், சிகிச்சையின் முதல் நாளே அவருக்குப் பாதி அளவு குறைந்துவிடும். மது அருந்தும் பழக்கம், முன்பு வந்த வலிப்பு, ஈரல் அல்லது நுரையீரல் நோய், கர்ப்பம், வலிக்காக எடுக்கும் ஓபியாய்டு மருந்துகள், மயக்கம் தரும் சளி மருந்து, அமுக்கராச் சூரணம் போன்ற நாட்டு மருந்துகள் ஆகியவற்றையும் மறைக்காமல் தெரிவியுங்கள். தமிழில் சொன்னால்தான் தெளிவாக வரும் என்றால், மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்கலாம்.

பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே மருந்தைக் குறைக்க முடியும். வலிப்போ புத்தி தடுமாற்றமோ முன்பு வந்தவர்கள், மிக அதிக அளவு உட்கொள்பவர்கள், மதுவுக்கும் அடிமையானவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், உடல்நிலை மிகவும் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனையில் தங்குவதே பாதுகாப்பானது. அங்கு இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நடுக்கம் ஆகியவற்றை அடிக்கடி கவனித்து, அதற்கேற்ப மருந்தளவைத் தீர்மானிப்பார்கள்.

குறைக்கும் வேகம்தான் சிகிச்சையின் உயிர்நாடி. அமெரிக்காவில் 2025இல் வெளியான கூட்டு மருத்துவ வழிகாட்டுதல், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதைக் கருதலாம் என்றும், 2 வாரங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பது பொதுவாகக் கூடாது என்றும் கூறுகிறது. எடுத்துக்காட்டாக, 20 மில்லிகிராம் டயசிபாம் எடுப்பவருக்கு 10 விழுக்காடு என்பது 2 மில்லிகிராம். அடுத்த முறை 18இல்தான் விழுக்காடு கணக்கிடப்படும் என்பதால், போகப்போக இறங்கும் படிகள் சிறிதாகின்றன. இது கணக்கை விளக்க மட்டுமே. உங்களுக்கான அட்டவணையை மருத்துவர்தான் வகுக்க வேண்டும். உடலில் நெடுநேரம் தங்கும் டயசிபாமுக்குச் சிலரை மாற்றுவார்கள். முதியவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அது உடலில் தேங்கிவிடக்கூடும் என்பதால் லோராசிபாமிலேயே வைத்துக் குறைப்பதும் உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை மருந்தாளரைக் கேட்காமல் உடைக்காதீர்கள்.

இரவில் உறக்கம் கெடுவதும், வியர்ப்பதும், நெஞ்சு படபடப்பதும், சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவதும் எதிர்பார்க்கத்தக்கவையே. விரைவில் உடலைவிட்டு நீங்கும் அல்பிரசோலம் போன்றவற்றில் இவை ஓரிரு நாளிலும், டயசிபாமில் பல நாள் கழித்தும் தலைகாட்டலாம். தாங்க முடியாவிட்டால், மருத்துவரிடம் சொல்லி அதே அளவில் சில வாரங்கள் நின்றுவிட்டுப் பிறகு தொடரலாம். இதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. நாமாக ஒரு மாத்திரை கூட்டிப் போடுவதும், உறக்கம் வர மது அருந்துவதும்தான் திட்டத்தைக் குலைப்பவை. கப்பல் பட்டறையிலோ பாரந்தூக்கியிலோ வேலை செய்பவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும், எந்த நாள்களில் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு மருத்துவ விடுப்புச் சான்றிதழ் பெறுவது நல்லது.

வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் புரியாத குழப்பம், கடும் காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 995ஐ அழையுங்கள். வலிப்பு வந்தவரின் கையில் சாவியோ இரும்போ கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் புகட்டாமல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் எழுந்தால் மனநலக் கழகத்தின் 24 மணிநேர உதவி எண்ணான 6389 2222ஐ அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 995தான்.

மருந்து குறையும்போதே, அது தொடங்கக் காரணமாயிருந்த உறக்கமின்மைக்கும் கவலைக்கும் வேறு சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுவது, உறக்கம் வராதபோது படுக்கையைவிட்டு எழுந்துவிடுவது போன்ற பழக்கங்களை உளவியலாளர் படிப்படியாக ஏற்படுத்துவார்.

முழுமையாக நிறுத்திய பின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். முன்பு சாதாரணமாகப் போட்ட அளவு, இப்போது, குறிப்பாக மதுவுடன் சேரும்போது, மூச்சையே அடக்கிவிடலாம். எஞ்சிய மாத்திரைகளை 'இருக்கட்டும்' என்று அலமாரியில் வைக்காமல், அவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என்று மருந்தாளரிடம் கேட்டு அகற்றிவிடுங்கள்.