ஸ்டேஷனைக் கேள்வி கேட்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்க் காவல் நிலையம் எப்படி நடக்கிறது என்று கேட்பதற்கு இப்போது நிறைய இளைஞர்கள் முன்வருகிறார்கள். 2020இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகு இது கூடியது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த பிறகு இன்னும் கூடியது. போலீஸ் மீது புகார் எழுத உதவுகிற வேலையில் நான் ரொம்ப வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் கோப்பைப் பிரித்தால், அந்தக் காலத்தில் எங்கள் கோப்புகளில் இருந்த அதே ஓட்டைகள் தெரிகின்றன.

தேதி போட மறப்பது, நகல் வைத்துக்கொள்ளாதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். பட்டும் திருந்தாத தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இது.

ரசீது கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைப்பது

புகார் கொடுத்தவுடன் தருகிற சி.எஸ்.ஆர்., அதாவது மனு ஏற்புச் சான்றிதழ், மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. புகாரைப் படித்தாலே, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு ஒரு சிறிய இடைவெளி தருகிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதற்கு மேல் இழுக்கக் காரணம் இல்லை.

இழுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் மனு. அதற்கும் அசையவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175ஆம் பிரிவில் மனு. புகார் போலீஸ்காரர் பணியில் இருந்தபோது செய்த செயல் பற்றியது என்றால், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையை வாங்கிப் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. தாமதம் அங்கேயும் வரும் என்று தெரிந்துகொண்டே போங்கள்.

"வழுக்கி விழுந்துட்டேன்"

ஸ்டேஷனில் அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது பக்கத்தில் ஒரு காவலர் நிற்பார். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். பயத்தில் வாயில் வருவது இந்த வார்த்தைதான். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்கிற அந்த ஒரு தாளை வைத்துத்தான் பிற்பாடு எல்லா இடத்திலும் கேள்வி கேட்பார்கள். மூன்று மாதம் கழித்து "போலீஸ் அடித்தது" என்று மனு போட்டால், "அன்றைக்கு ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

யார் அடித்தார்கள், எதால், எந்த இடத்தில் வைத்து, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அன்று வாய் வரவில்லை என்றால் மறுநாளே வேறு ஒரு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டுங்கள். கைதானவரை மருத்துவப் பரிசோதனை செய்து, அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்.

"அதான் கேமரா இருக்கே!"

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு இது. ஒரு பக்கக் கடிதத்தில் தடுக்கக்கூடியது என்பதால் எரிச்சல் இன்னும் அதிகம்.

வாகனச் சோதனையில் வாக்குவாதம் செய்த ஒரு பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இரவு நெடுநேரம் வைத்திருந்து, அடித்து அனுப்பினார்கள். அவனுடைய அக்கா படித்தவர், தைரியமானவர். அவர் எழுதிய மனு போல நேர்த்தியான மனுவை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல்வரின் தனிப்பிரிவு, ஆட்சியர், டி.ஜி.பி. என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினார். ஆனால் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஒரு வரி கூட அதில் இல்லை. "அது அங்கேயேதான் இருக்கும், கோர்ட்டுல எடுத்துக்கலாம்ணே" என்றார். இடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் "பேசி முடிச்சுக்கலாம், கொஞ்சம் பொறுங்க" என்று வாரக்கணக்கில் இழுத்தார். பேச்சு முறிந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவின் நகல் கேட்டார்கள். முப்பதாவது நாள் நெருங்கும்போது பதில் வந்தது: குறிப்பிட்ட தேதியின் பதிவுகள் தற்போது இருப்பில் இல்லை. அந்தப் பையன் பக்கம் மிச்சம் இருந்தது அவன் சொல் மட்டும்தான்.

சாத்தான்குளத்திலிருந்தே நாம் இதைக் கற்றிருக்க வேண்டும். அங்கே விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி அமைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், தந்தையும் மகனும் தாக்கப்பட்ட ஜூன் 19 இரவின் பதிவு கிடைக்கவில்லை. அந்த வழக்குக்கு ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். எல்லா ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி உட்கார முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் மிக விரிவான உத்தரவு போட்டது. வாசல், வரவேற்பு, லாக்கப், நடைவழி, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிப்பறைக்கு வெளிப்பக்கம், ஸ்டேஷனின் பின்புறம் என்று எங்கெல்லாம் கேமரா வேண்டும் என்று பட்டியலே கொடுத்தது. ஒலியும் பதிவாக வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும். உரிமை மீறப்பட்டால் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று வாசலில் போர்டு வைக்கவும் சொன்னது. உங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் அந்த போர்டு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

உத்தரவு இருப்பதால் பதிவும் இருக்கும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கேமரா பழுது, மின்தடை, டிஸ்க் நிறைந்துவிட்டது, மாற்றிவிட்டோம் என்று காரணங்கள் வரிசையாக வரும். கேமராக்கள் வேலை செய்வதில்லை என்பதற்காகவே 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

அதனால் சம்பவம் நடந்த மறுநாளே, பெரிய புகார் மனு தயாராவதற்கு முன்பே, ஒரு தனிக் கடிதம் போக வேண்டும். அதில் அடித்தார்கள், திட்டினார்கள் என்ற கதை வேண்டாம். ஸ்டேஷனின் பெயர், தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த இடத்துக் கேமரா, 2020 டிசம்பர் 2 தீர்ப்பின்படி பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவுதான். எஸ்.பி.க்கு அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனருக்கு. நகல் ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு, சேர்ந்த விவரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பதிவு காணாமல் போனால், "கேட்டும் ஏன் காக்கவில்லை?" என்று ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் அவர்களைக் கேட்க முடியும். கடிதமே இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பார்கள். வெளியே காத்திருந்த அம்மா யாருக்கெல்லாம் போன் செய்தார் என்று பாருங்கள். எதிர் டீக்கடையில் ஜிபே செய்த நேரம் போனில் இருக்கும். அந்தக் கடையிலேயே ஒரு கேமரா இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தனியார் கடைகளில் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தை விட வேண்டாம், ஆனால் முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். விசாரணை பாதிக்கும் என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மேல்முறையீட்டில் மாதங்கள் ஓடும். பத்திரப்படுத்தச் சொல்லும் கடிதம் முதலில், நகல் கேட்பது அப்புறம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

போடாதீர்கள். யார் சொன்னாலும்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருப்பது

மூலக் கோப்பும், எடுத்த போனும் வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் நகல் நீதிமன்றத்தில் செல்லாது.

போலீஸ் புகார் ஆணையத்தைத் தனி அமைப்பு என்று நம்புவது

2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கக் கூடாது என்பதற்காக மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும். கேரளம் தன் 2011 போலீஸ் சட்டத்தில் நீதிபதிகளையே தலைவர்களாக வைத்தது. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டத்தில் உள்துறைச் செயலாளரை மாநிலத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். யாருடைய ஆட்கள் மீது புகாரோ அவரே விசாரிக்கும் மேசையில் உட்காருகிறார். உச்ச நீதிமன்றம் சொன்னதன் உயிரையே எடுத்துவிட்ட ஏற்பாடு இது.

அங்கே மனு கொடுக்கலாம், ஒரு பதிவாக இருக்கட்டும். அதை நம்பி மனித உரிமை ஆணையத்தை விட்டுவிடாதீர்கள். ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆகவே "அது வெறும் பரிந்துரைதானே" என்று ஒதுக்குகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஒரே மனுவைப் பத்து இடத்துக்கு அனுப்புவது

பத்தும் சுற்றி அதே இன்ஸ்பெக்டர் மேசைக்கு "அறிக்கை தருக" என்று வந்து சேரும். புகாருக்குள்ளான நிலையத்தைச் சேராத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் விசாரிக்காது என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சம்மன் இல்லாமல் கூப்பிட்டதும் போவது

பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு.

போலீஸுக்கு உதவுவதையும் போலீஸைக் கண்காணிப்பதையும் ஒன்றாக்குவது

1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் திட்டத்தில் எத்தனையோ நல்ல இளைஞர்கள் ரோந்தும் கூட்ட நெரிசலும் பார்த்தார்கள். 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் பலர் "நாங்கதான் ஊர் சார்பா போலீஸைப் பார்த்துக்கிட்டோம்" என்று இன்றும் சொல்கிறார்கள். இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டர் சொன்ன வேலையைச் செய்த குழு அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. கேட்டதாகவும் நான் பார்க்கவில்லை.

கேட்கும் உரிமையோடு ஊர்ப் பிரதிநிதி உட்காருகிற நாற்காலி வேறு இடத்தில் இருக்கிறது. சைனி தீர்ப்பு சொன்ன மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் ஆட்சியர், எஸ்.பி.யோடு மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவரும் உறுப்பினர். கேமரா வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, புகாரே வராத மீறல்கள் நடந்திருக்கின்றனவா என்று பதிவுகளைப் போட்டுப் பார்ப்பதும் அவர்கள் கடமை. உங்கள் ஓட்டு வாங்கி வந்தவருக்கு இந்தப் பொறுப்பு இருப்பது தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

வழக்கு எண்ணிக்கையை வைத்து ஸ்டேஷனை எடை போடுவது

"இந்த வருஷம் கேஸ் கூடிடுச்சு, போலீஸ் சரியில்லை" என்று மனு எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். புகாரை வாங்கிப் பதிவு செய்கிற நல்ல இன்ஸ்பெக்டர் வந்தாலும் எண்ணிக்கை கூடும். புகாரைத் திருப்பி அனுப்புகிறவர் வந்தால் குறையும். இந்தக் கணக்கை வைத்துக் கேட்டால், பதிவு செய்யாமல் இருப்பவருக்கே நாம் நற்சான்று கொடுக்கிறோம்.

தகவல் உரிமை மனுவில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்க வேண்டியவை வேறு. கடந்த ஆண்டு இந்த நிலையத்தில் எத்தனை சி.எஸ்.ஆர்., அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின, எத்தனை என்ன காரணம் சொல்லி முடிக்கப்பட்டன? எத்தனை எஃப்.ஐ.ஆரில் குற்றப்பத்திரிகை தாக்கலானது? கேமராக்கள் எத்தனை, பழுதான நாட்கள் எவை, பதிவு எத்தனை நாள் நிற்கிறது? மாவட்டக் கண்காணிப்புக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, கூட்டக் குறிப்பின் நகல் எங்கே? பதில் வந்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து, குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் முப்பது நாள் முடிந்ததும் முதல் மேல்முறையீடு. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.